ஒரு லட்சத்தில் வீட்டுக்கு ஒலி: சவுண்ட்பாரா, ரிசீவரா, இரண்டு ஸ்பீக்கரா?

அக்கா மகன் போன வாரம் கோயம்புத்தூரிலிருந்து கூப்பிட்டான். "மாமா, கையில ஒரு லட்சம் சேர்ந்திருக்கு. சவுண்ட்பாரா, ரிசீவரா, ரெண்டு ஸ்பீக்கர் வெச்ச ஸ்டீரியோவா? ஒண்ணு சொல்லுங்க, ஞாயித்துக்கிழமை போய் வாங்கிடறேன்" என்றான். சவுண்ட்பார் என்றால் டிவிக்கு அடியில் வைக்கும் நீளமான ஒற்றை ஸ்பீக்கர் பெட்டி. ரிசீவர் என்றால் படத்தையும் ஒலியையும் வாங்கி, ஒலியைப் பெருக்கிப் பல ஸ்பீக்கருக்குப் பிரித்துத் தரும் பெட்டி. அவனுடையது வாடகை வீடு. 10க்கு 12 அடி அறை, உயரமும் 10 அடி. தரையெல்லாம் டைல்ஸ், நாலு பக்கமும் வெறும் சுவர். காலையில் பாட்டு, ராத்திரி படம்.

எனக்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை. அவன் கேட்ட மூன்றையும் இந்த 20 வருடத்தில் நான் வாங்கியிருக்கிறேன். அவன் கேட்காத நாலைந்தையும் வாங்கியிருக்கிறேன். சில பரணில் கிடக்கின்றன, சில வாங்கிய விலையில் பாதிகூடத் தேறாமல் கைமாறிப் போய்விட்டன. அந்த ஒரு லட்சத்தைச் சேர்க்க அவனுக்கு எத்தனை மாதம் பிடித்தது என்று எனக்குத் தெரியும். அவனைப் போல வேறு யாராவது யோசித்துக்கொண்டிருந்தால் அவர்களுக்கும் ஆகட்டும் என்றுதான் விரிவாக எழுதுகிறேன்.

இன்றுவரை மனசு ஆறாத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவன் அறையும் கிட்டத்தட்ட அதே அளவு. 2011-ல் மயிலாப்பூரில் குடியிருந்தபோது அலமாரியில் வைக்கும் அளவுக்குச் சின்னதான ஒரு ஜோடி புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் வாங்கினேன். குரலும் வயலினும் அதில் அவ்வளவு இயல்பாக இருக்கும். ஆனால் பாஸ் கிடார் ஒரு குறிப்பிட்ட சுரத்துக்கு இறங்கும்போதெல்லாம் அறை முழுக்க ஓர் உறுமல் எழும். பக்கத்துச் சுரங்களுக்கு இல்லை, அந்த ஒன்றுக்கு மட்டும். ஷோகேஸ் கண்ணாடிகூட அதோடு சேர்ந்து அதிரும். ஸ்பீக்கர் சின்னது, பாஸ் தாங்கவில்லை என்று நானே முடிவு கட்டிவிட்டேன். எட்டே மாதத்தில் அதை விற்று, இரண்டு மடங்கு விலையில் இடுப்பு உயரத்துக்கு நிற்கும் ஃப்ளோர்ஸ்டாண்டர் ஜோடி ஒன்றை வாங்கினேன். உறுமல் இன்னும் கூடியது.

குற்றம் ஸ்பீக்கரில் இல்லை, அறையில் இருந்தது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஒலி போய்ப் போய்த் திரும்புகிறது. சுவர்களின் இடைவெளி எந்த அலையின் பாதி நீளத்துக்குச் சரியாக இருக்கிறதோ, அந்த அலை அங்கேயே நின்று பெருகிவிடும். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 345 மீட்டர் போகிறது. 10 அடி என்றால் 3.05 மீட்டர். அதை இரட்டித்து 345-ஐ வகுத்தால் சுமார் 57 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 57 அதிர்வு, வரும். 12 அடிக்கு இதே கணக்குப் போட்டால் சுமார் 47. அகலமும் 10 அடி, உயரமும் 10 அடி என்று கட்டிய அறையில் அந்த 57 ஹெர்ட்ஸ் இரண்டு திசையிலும் ஒன்றாகச் சேர்ந்துகொள்கிறது. பாஸ் கிடாரின் 'ஏ' கம்பியை எதையும் அழுத்தாமல் மீட்டினால் வருவது 55 ஹெர்ட்ஸ். என் வீட்டு உறுமல் அதுதான். சின்ன ஸ்பீக்கர் அந்த ஆழத்தில் தானாகவே அடங்கிப் போகும். பெரியது அங்கேதான் பலமாகப் பேசும். வியாதி தெரியாமல் நான் மருந்தின் அளவைக் கூட்டியிருக்கிறேன்.

அப்புறம் சுவரெல்லாம் முட்டை அட்டை மாதிரி இருக்கும் கறுப்பு ஃபோம் வாங்கி ஒட்டினேன். அதுவும் வீண். 57 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 6 மீட்டர், இரண்டு அங்குல ஃபோம் அதை ஒன்றும் செய்யாது. மேல் ஒலிகளை மட்டும் குடித்துவிட்டு, குரலை உயிரில்லாமல் ஆக்கியது. கடைசியில் பலன் தந்தவை காசு கேட்காத வேலைகள். சுவரோடு ஒட்டிக் கிடந்த சோபாவை 3 அடி முன்னால் இழுத்தேன், ஸ்பீக்கர்களை மூலையிலிருந்து நகர்த்தி, பின்சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி வைத்தேன். சுவரை ஒட்டித்தான் இந்த அலைகளின் அழுத்தம் உச்சத்தில் இருக்கும். நம் வீடுகளில் சோபா போடும் இடமும் அதுதான். உறுமல் பாதிக்கு மேல் அடங்கிவிட்டது. தரையில் இரண்டு பவானி ஜமுக்காளத்தை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்தேன், எதிர்ச் சுவரில் புத்தக அலமாரியை வைத்தேன், பின் மூலைகளில் இரண்டு இலவம்பஞ்சு மெத்தைகளைச் சுருட்டி நிறுத்தினேன். இவை 57-ஐத் தொடாது. ஆனால் கை தட்டினால் 'ட்ரிங்' என்று திரும்பி வந்த ஒலி போய்விட்டது, பாட்டின் வார்த்தைகள் தெளிந்தன. நான் விற்ற அந்தச் சின்ன ஜோடி இந்த அறையில் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று நினைக்காத நாளில்லை. வாங்கிப் போனவரிடம் திரும்பக் கேட்டேன். அவர் தருவதாக இல்லை, தரவும் கூடாது.

சரி, அவன் கேட்டதற்கு வருகிறேன்.

சவுண்ட்பாரை நான் இளப்பமாகப் பேச மாட்டேன். அம்மாவுக்குக் காது மந்தமானபோது சீரியல் வசனம் புரிவதற்காக ஒன்று வாங்கி வைத்தோம், அது அவருக்கு உண்மையிலேயே உதவியது. டிவியின் அடியில் கீழ்நோக்கிப் பேசும் சின்னஞ்சிறு ஸ்பீக்கரோடு ஒப்பிட்டால் எதுவுமே முன்னேற்றம்தான். ஒரே ரிமோட், ஒரே ஒயர், வீடு மாறினால் அரை மணியில் கட்டிவிடலாம். ஆனால் பாட்டு என்று வரும்போது இடதும் வலதும் மூன்றடி இடைவெளிக்குள் அடங்கிவிடுகின்றன. பாடகர் நடுவில், வயலின் இந்தப் பக்கம், மிருதங்கம் அந்தப் பக்கம் என்று கண்ணை மூடினால் தெரியும் அந்த இடஞ்சுட்டல் கிடைக்காது. ஒலியைக் கூரையில் அடித்துத் திருப்பும் அட்மாஸ் வகைக்குத் தட்டையான கூரை வேண்டும். நம் கூரை தட்டைதான், ஆனால் நடுவில் ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கும்.

என் வருத்தம் வேறு. வாரண்டி முடிந்து ஏழாவது மாதம் அம்மாவின் சவுண்ட்பாரில் சப்வூஃபரோடு, அதாவது ஆழ்ந்த ஒலிக்கென்று கூட வரும் தனிப் பெட்டியோடு, பேசும் வயர்லெஸ் பகுதி போய்விட்டது. சர்வீஸ் சென்டரில், "போர்டு வராது சார், புதுசா எடுத்துக்கோங்க" என்றார்கள். ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபையர், சர்க்யூட் எல்லாம் ஒரே உடம்பில் இருக்கும் பொருளில் ஒரு விரல் அடிபட்டால் ஆளே போய்விடுகிறார். நன்றாக இருந்த அந்த சப்வூஃபரை வேறு எதோடும் இணைக்க முடியவில்லை, ஒயர் செருகவே அதில் இடமில்லை. அதனால் சவுண்ட்பார் வாங்குவதாக இருந்தால் பட்ஜெட்டில் கால் பங்கோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஒரு லட்சத்தையும் அதில் போடுவது எனக்குச் சம்மதமில்லை.

ரிசீவர் கதை கொஞ்சம் சிக்கலானது. 2013-ல் 5.1 செட் ஒன்று போட்டேன். ரிசீவர், ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப். முதல் மாதம் ஹெலிகாப்டர் தலைக்குப் பின்னாலிருந்து வருவதைக் காட்டவே வீட்டுக்கு ஆட்களைக் கூப்பிட்டேன். அந்தப் பரவசம் பொய்யில்லை. ஆனால் 10க்கு 12 அறையில் பின் ஸ்பீக்கர் காதிலிருந்து ஓரடியில்தான் நிற்கும், கதவுக்கு மேலே ஒயர் ஓட்ட வேண்டும், வாடகை வீட்டில் ஆணி அடிக்க அனுமதி கேட்க வேண்டும். இதற்கெல்லாம் மேலே காசுக் கணக்கு ஒன்று இருக்கிறது. ஒரே தொகையை ஐந்து ஸ்பீக்கருக்கும் சப்புக்கும் பிரித்தால் ஒவ்வொன்றும் சுமாராகத்தான் அமையும். என் அந்த ஐந்தில் ஒன்றில்கூட ஒரு தம்புராவின் சுருதி தம்புராவாகக் கேட்கவில்லை.

2017-ல் 4கே டிவி வந்தது. 4கே படங்களுக்கு எச்டிசிபி 2.2 என்று ஒரு பூட்டு உண்டு, அதற்கான சாவி என் ரிசீவரில் இல்லை. பிளேயரை ரிசீவர் வழியாக டிவிக்குக் கொண்டுபோனால் 4கே வராது. கடைக்காரர் புது ரிசீவர் எடுக்கச் சொன்னார், பழையதைச் சொற்ப விலைக்கு எக்ஸ்சேஞ்சில் கொடுத்தேன். அடுத்த மாதம்தான் உறைத்தது. பிளேயரை நேராக டிவியில் செருகிவிட்டு, ஒலியை மட்டும் ஏஆர்சி வழியாக, அதாவது டிவிக்குப் போகும் எச்டிஎம்ஐ ஒயரிலேயே, ரிசீவருக்குத் திருப்பி அனுப்பியிருக்கலாம். அந்த வசதி 2009-ல் எச்டிஎம்ஐ 1.4-லேயே வந்துவிட்டது, என் பழைய ரிசீவரின் பின்பக்கம் அந்தத் துளைக்கு மேல் அப்படியே அச்சடித்தும் இருந்தது. நான் குனிந்து பார்க்கவில்லை. ரிசீவரில் ஒலியைப் பெருக்கும் பகுதி 20 வருடம் உழைக்கும். படத்தைக் கையாளும் பகுதிதான் நாலைந்து வருடத்தில் பழசாகிறது. நாம் விலை கொடுப்பது இரண்டுக்கும் சேர்த்து.

ஆனாலும் ரிசீவரில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. கூடவே வரும் மைக்கை உட்காரும் இடத்தில் வைத்தால், அறை எந்தச் சுரத்தை ஊதிப் பெருக்குகிறது என்று அதுவே அளந்து அதைக் குறைத்துவிடும். நான் மேலே சொன்ன 57 ஹெர்ட்ஸ் உறுமலுக்கு நல்ல வைத்தியம். ராத்திரியில் வெடிச் சத்தத்தைத் தணித்து வசனத்தைத் தூக்கிக் கொடுக்கும் வசதியும் உண்டு. அதனால், பார்ப்பதில் பாதிக்கு மேல் படம்தான் என்பவர்கள் ரிசீவர் வாங்கி, அதில் இப்போதைக்கு இரண்டே இரண்டு நல்ல ஸ்பீக்கரை மாட்டலாம். மீதியை நாலு வருடம் கழித்து யோசித்துக்கொள்ளலாம். கடையில் இதைச் சொன்னால் ஒரு மாதிரி பார்ப்பார்கள், பரவாயில்லை.

மூன்றாவது, இரண்டு ஸ்பீக்கரும் ஒரு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையரும். என் வீட்டில் இன்று ஓடுவது இதுதான். இதில் தப்பு பண்ண வாய்ப்பு அதிகமுள்ள இடம் வாட் கணக்கு. கல்லூரி நாட்களில் வாங்கிய ஒரு பெட்டியில் '5000 வாட் பிஎம்பிஓ' என்று தங்க எழுத்தில் போட்டிருந்தது. கண நேர உச்சத்தைச் சொல்லும் விளம்பரக் கணக்கு அது. ரிப்பேருக்காக ரிச்சி தெருவில் அதைத் திறந்தபோது உள்ளே இருந்த டிரான்ஸ்ஃபார்மர் 12-0-12, 5 ஆம்பியர். 24 வோல்ட்டை 5-ஆல் பெருக்கினால் 120. இவ்வளவு மட்டுமே உள்ளே வரும் பெட்டியிலிருந்து அதற்கு மேல் தொடர்ந்து எப்படி வெளியே வரும்? பாதிக்குக் கொஞ்சம் மேலே ஸ்பீக்கருக்குப் போனாலே பெரிய விஷயம், மீதி சூடாகத்தான் போகும். இப்படிப்பட்ட விளம்பரம் நம் ஊருக்கு மட்டும் சொந்தமில்லை. அமெரிக்காவில் ஃபெடரல் டிரேட் கமிஷன் ஆம்ப்ளிஃபையர் வாட்டை எப்படி அளந்து சொல்ல வேண்டும் என்று 1974-லேயே விதி போட வேண்டி வந்தது. இப்போதும் '6 ஓம், ஒரு சேனல் மட்டும், 10 சதவீதச் சிதைவு' என்று சின்ன எழுத்தில் போட்ட 150 வாட்டை விட, '8 ஓம், இரண்டு சேனலும் சேர்ந்து, 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை' என்று போட்ட 50 வாட்தான் கனமானது.

எவ்வளவு வாட் போதும்? 87 டெசிபல் திறன் என்று போட்ட ஸ்பீக்கர், ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் 87 டெசிபல் தரும். ஏழெட்டு அடி தள்ளி உட்கார்ந்தாலும், இரண்டு ஸ்பீக்கரும் ஓடும்போது 80-க்கு மேல்தான் இருக்கும், அதுவே பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். வாட்டை இரண்டு மடங்காக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். ஆக 50 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் உள்ள வித்தியாசம் வால்யூம் பட்டனில் ஒரு சின்னத் திருகல். அந்த வித்தியாசத்துக்காக நான் ஒரு முறை கொடுத்த 30,000 ரூபாய் ஸ்பீக்கர் பக்கம் போயிருந்தால் முதல் பாட்டிலேயே தெரிந்திருக்கும்.

பழசு வாங்கலாமா என்றும் கேட்டான். வாங்கலாம், ஆனால் கண்ணால் பார்த்து, விரலால் தொட்டுத்தான். தாம்பரத்தில் ஒருவர் வீட்டில் 90-களின் ஸ்பீக்கர் ஜோடி ஒன்றை ஐந்து நிமிடம் கேட்டுவிட்டு 14,000 கொடுத்துத் தூக்கி வந்தேன். வீட்டில் முன்துணியைக் கழற்றி, ஆழ்ந்த ஒலி தரும் பெரிய கூம்பான வூஃபரைச் சுற்றியிருந்த ஃபோம் வளையத்தில் விரல் வைத்தேன். ஊறிப்போன பிஸ்கட் மாதிரி அது பிய்ந்து கையோடு வந்தது, விரல் நுனியில் பிசுபிசுவென்று ஒட்டியது. அந்த ஃபோம் பத்துப் பதினைந்து வருடத்தில் தானாகவே மட்கும், கடலோர ஈரக்காற்றில் இன்னும் சீக்கிரம். ரப்பர் வளையம் என்றால் கவலை குறைவு. புது வளையம் வாங்கி ஒட்டலாம், நானும் ஒட்டினேன். ஆனால் அந்தச் செலவைக் கழித்துத்தான் விலை பேசியிருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு பழைய சாமான் பார்க்கப் போனால் சட்டைப்பையில் ஒன்றரை வோல்ட் பேட்டரி ஒன்றும் சின்ன மல்டிமீட்டரும் இருக்கும். முன்துணியைக் கழற்றச் சொல்வேன். வூஃபரை இரண்டு கை விரல்களாலும் சமமாக மெல்ல அழுத்தி, உரசும் சத்தம் வருகிறதா என்று காது கொடுப்பேன். பேட்டரியின் பிளஸ்ஸை ஸ்பீக்கரின் பிளஸ்ஸில் தொட்டால் கோன் வெளியே வர வேண்டும். இரண்டு ஸ்பீக்கரும் ஒரே திசையில் அசைகிறதா என்பது அதில் தெரிந்துவிடும். ஆம்ப்ளிஃபையர் என்றால் பாட்டுப் போடாமல் ஸ்பீக்கர் முனையில் டிசி வோல்ட் பார்ப்பேன். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி, 100-ஐத் தாண்டினால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுவேன். வால்யூமைத் திருகும்போது கரகரப்பது மட்டும் பெரிய குறையில்லை, கான்டாக்ட் கிளீனர் அடித்தால் பெரும்பாலும் சரியாகும்.

டர்ன்டேபிள் ஆசையும் அவனுக்கு இருக்கிறது. இதில் மட்டும் நான் கண்டிப்பாகப் பேசினேன். அப்பா 70-களில் வாங்கிய நாகசுர எல்பி ஒன்று எங்களிடம் இருந்தது. பார்க்க அழகாக இருக்கிறதே என்று சூட்கேஸ் மாதிரி மூடும் விலை குறைந்த பிளேயர் ஒன்றை வாங்கி, ஒரு மழைக்காலம் முழுக்க அதில் அந்த ரெக்கார்டைக் கேட்டோம். அப்படிப்பட்ட பிளேயர்களில் ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜ் செராமிக் வகை. ஊசி 5, 6 கிராம் எடையோடு தட்டில் அழுத்தும், குறைக்கப் பின்னால் எதிர்எடையும் கிடையாது. நல்ல மேக்னடிக் கார்ட்ரிட்ஜ் 2 கிராமுக்குள் நிற்கும். பின்னால் நல்ல டர்ன்டேபிளில் அந்த எல்பியைப் போட்டபோது உச்ச சுரங்களில் எல்லாம் ஒரு கிழிசல், அது முன்பு கிடையாது. ஸ்பீக்கரை மறுபடி வாங்கலாம். அப்பா பேனாவால் உறையில் பெயர் எழுதி வைத்த ரெக்கார்டை எங்கே வாங்குவது? நல்ல டர்ன்டேபிளுக்குப் பணம் சேரும்வரை ரெக்கார்டுகள் உறையிலேயே இருக்கட்டும்.

கேபிளைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் ஐந்து மீட்டர் ஓடித் திரும்பினால் அதன் மின்தடை 0.07 ஓம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது கணக்கிலேயே வராது. நான் மீட்டர் 2,000 ரூபாய்க்கு வாங்கியது பரணில் இருக்கிறது, யார் கேட்டாலும் கொடுக்கிறேன். டிஜிட்டல் பாட்டை மின்னலையாக மாற்றும் விலை கூடிய டிஏசியும் அப்படித்தான். சிடியின் 16 பிட் தருவதே சுமார் 96 டெசிபல் வீச்சு. ஃபேன் முழு வேகத்தில் ஓடும்போது என் போனின் மீட்டர் 48 டெசிபல் காட்டியது. அந்தக் காற்றுச் சத்தத்துக்கு அடியில் புதைந்து கிடக்கும் நுணுக்கத்துக்கு, ஏப்ரல் மாதத்தில் ஃபேனை நிறுத்திவிட்டு யார் உட்காரப் போகிறார்கள்?

கடையில் கேட்டு முடிவு செய்வதிலும் கவனம் வேண்டும். எது ஒரு பொட்டுச் சத்தம் கூடவோ அதுதான் காதுக்கு நன்றாகத் தோன்றும். 1994-ல் ஃப்ளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்ற இரண்டு ஒலி ஆராய்ச்சியாளர்கள் கேட்பவர்களின் கண்ணில் ஸ்பீக்கர் படாமலும் பட்டும் சோதித்துப் பார்த்தார்கள். பார்த்தபடி கேட்டபோது மதிப்பெண்ணே மாறிப்போனது. பெட்டியின் அளவும் பெயரும் காதை நகர்த்திவிடுகின்றன. என் ஃப்ளோர்ஸ்டாண்டரை நான் கடையில் விரும்பியது எதனால் என்று அதைப் படித்தபோது புரிந்தது.

அவனுக்கு என் கணக்கு இதுதான். லட்சத்தில் 55,000 வரை ஒரு ஜோடி புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கருக்கு, புதுசாகவே. ஏஆர்சியும் சப்வூஃபருக்குத் தனி வழியும் உள்ள ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையருக்கு 30,000 சுமார். ஸ்டாண்டு, ஒயர், ஜமுக்காளத்துக்கு 8,000. மிச்சத்தை வங்கியிலேயே வைக்கட்டும். சப் இப்போது வேண்டாம், அந்த அறையில் 57 ஹெர்ட்ஸ் என்ன பாடு படுத்துகிறது என்று ஒரு வருடம் கேட்ட பிறகு பார்க்கலாம். மாடியில் வீட்டு ஓனர் வேறு குடியிருக்கிறார். படம்தான் அதிகம் பார்ப்பேன் என்று அவன் மனசு மாறினால் ஆம்ப்ளிஃபையருக்குப் பதில் ரிசீவர், ஸ்பீக்கர் அதே இரண்டுதான்.

இந்த ஞாயிறு கடைக்குப் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சனிக்கிழமை ராத்திரி சேரன் எக்ஸ்பிரஸில் நான் கிளம்புகிறேன். என்னிடம் இப்போது இருக்கும் சின்ன ஸ்பீக்கர் ஜோடியை அவன் தரைக்கென்று நான் எடுத்து வைத்த ஜமுக்காளங்களில் சுற்றிக் கட்டியாகிவிட்டது. முதலில் அவன் அறையில் வைத்து, நாற்காலியை முன்னும் பின்னும் நகர்த்தி ஒரு நாள் முழுக்கக் கேட்போம். அளக்கும் டேப் மட்டும் அவனை எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.